குளிருக்காக ஒரு மன்றாட்டு

மண் என்றால் பொனிபசுக்கு வேலையிடத்தில் பரம எதிரி, வீட்டில் குலதெய்வம். கத்தோலிக்கனுக்குக் குலதெய்வம் ஏது என்று சண்டைக்கு வராதீர்கள், சொல்லுகிறேன்.

மெல்பேர்னின் மேற்கே, ட்ருகனினாவில் வரிசையாக நிற்கும் பண்டகசாலைகளில் ஒன்றில் பதினொரு வருடமாக அவர் செய்துவந்தது அந்தார்ட்டிக்காவுக்குப் போகிறவர்களின் உடுப்பையும் சப்பாத்தையும் துப்புரவாக்குகிற வேலை. போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய பை. தடித்த ஜாக்கெட், கையுறை, இரண்டு சோடி சப்பாத்து. எல்லாம் முதலில் இயந்திரத்தில் கழுவப்பட்டு வரும். அதற்குப் பிறகுதான் பொனிபஸ். வெள்ளை விளக்கின் கீழ் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மூக்கில் கண்ணாடி, கையில் முள்ளெடுக்கிற சாமணம், மடியில் சின்ன வக்கியூம். பொக்கெட்டின் மூலை, தையலின் இடுக்கு, சப்பாத்தின் பல், வெல்க்ரோவின் மயிர் என்று ஒன்றும் விடமாட்டார். பனியைத் தவிர ஒன்றுமில்லாத அந்தத் தேசத்துக்கு ஒரு புல்விதையோ ஒரு பூச்சிமுட்டையோ போய்ச் சேர்ந்தால் பிறகு அதை வெளியே எடுக்க ஒருவராலும் முடியாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பார்த்து முடித்ததும் பையைக் கட்டிச் சிவப்பு முத்திரை போட்டுத் தன் இலக்கத்தை எழுதுவார். அதற்குப் பிறகு ஹோபார்ட்டில் கப்பல் ஏறும்வரை அந்தப் பையை யாரும் திறப்பதில்லை.

"அண்ணே, உங்க முத்திரை இருந்தா நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல" என்பார் மேற்பார்வையாளர் வாசுதேவன். திருச்சிக்காரர், பொயிண்ட் குக்கில் வீடு. புதிதாய் வேலைக்கு வருகிறவர்களிடம், பொனிபஸ் ஒருமுறை கையுறையின் உள்விரலில் கண்டுபிடித்த ஒற்றை எறும்புக் காலைப் பற்றிக் கதையாகச் சொல்லுவார். அந்தக் கதையில் எறும்புக் கால் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போனது.

இனி வீட்டுக் கதை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு மடு மாதா கோவில் மண் மருந்துக்கு மருந்து, காவலுக்குக் காவல். பாம்புக் கடிக்கும் அதுதான், பரீட்சைக்கும் அதுதான். 2010இல் பொனிபசும் தம்பி அனோஜும் பேசாலையிலிருந்து இந்த நாட்டுக்குப் படகேறப் புறப்பட்டபோது, பொனிபசின் மனைவி பேர்ள் கழுத்தில் போடுகிற இரண்டு துணி உத்தரியங்களுக்குள் மடு மண்ணை வைத்துத் தைத்து இருவர் கழுத்திலும் போட்டுவிட்டாள். அனோஜுக்கு இருபத்துநாலு வயது. கழுத்துக் கடிக்கிறது என்று சிரித்தபடி கழற்றி வீட்டு ஆணியிலேயே கொழுவிவிட்டு வந்தான். பதினான்காம் நாள் விடிகிறபோது ஓர் அலை படகின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று. பின்பக்கத்தில் இருந்தவன் அனோஜ் ஒருவன்தான். கழுத்தைப் பார்த்து ஆளெடுக்க அலைக்குத் தெரியுமா என்று எத்தனையோ பேர் அவருக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். பொனிபசின் தலையில் அது ஏறவே இல்லை. தம்பியைப் பிடித்து வைத்து அந்த உத்தரியத்தை வலுக்கட்டாயமாகப் போட்டுவிட்டிருக்கலாம் என்ற ஒரு எண்ணத்தோடுதான் அவர் இந்த நாட்டில் இறங்கினார்.

நாலு வருடம் கழித்துப் பேர்ளும் பதினைந்து வயது மகள் ஜெனோஜாவும் வந்து சேர்ந்தார்கள். பொனிபசின் உத்தரியத்துக்குள் இருந்த மண்ணின் புகழ் மேற்கு மெல்பேர்ன் முழுக்கப் பரவியது. பிள்ளைப்பேற்றுக்கு ஒரு சிட்டிகை, ஒப்பரேசனுக்கு ஒரு சிட்டிகை. ட்ரைவிங் டெஸ்டுக்குக்கூட வந்து கேட்டவர்கள் உண்டு, மூன்றாம் முறை பெயிலாகியும் வந்தார்கள். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத பேர்ள், மண் முடியப்போகிற கட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்தாள். தீர்த்தம் குறைந்தால் நல்ல தண்ணீர் விட்டுப் பெருக்குவதில்லையா? அதைப்போல, மிஞ்சிய மடு மண்ணைக் குசினி யன்னலோரம் நின்ற கறிவேப்பிலைச் சாடியில் கொட்டிக் கிளறிவிட்டாள். அன்றிலிருந்து சாடி முழுக்க மடு மண். வேதநூலில் அப்பம் பெருகியதுபோல மண்ணும் பெருகிற்று. கடையில் வாங்கிய உரமண்ணும் அதற்குள் கலந்து கிடந்ததையோ, சாடியைச் சுற்றி எந்நேரமும் கடுகளவு கறுப்புப் பூச்சிகள் பறந்ததையோ ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. மெல்பேர்னில் வீட்டுக்குள் சாடி வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் அந்தப் பூச்சி உண்டு. தேத்தண்ணிக்குள் விழுந்தால் விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள்.

ஜெனோஜா படித்து முடிக்கவில்லை, படித்துக்கொண்டே போனாள். பேர்ள் கலியாணம் பேச வாயெடுக்கிற நேரமெல்லாம் அவள் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். கடைசியில் அவள் பிடித்துக்கொண்டது பூச்சிகளை. அதுவும், வேறு இடத்திலிருந்து பனிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பூச்சிகள் அங்கத்தைய மாரியை எப்படித் தாங்குகின்றன என்கிற விஷயம். மூன்று வருடம் அதிலேயே கிடந்தாள்.

"அறுபது வருசத்துக்கு முன்னம் ஆரோ ஆராய்ச்சிக்காரர் அங்கத்தைத் தீவொண்டிலை செடி நட்டிருக்கினம், அப்பா" என்று ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "வேரிலை ஒட்டிக்கொண்டு போன மண்ணிலை ஒரு பூச்சி. செட்டை இல்லை, பறக்காது. ஆண் பூச்சியும் இல்லை, எல்லாம் பொம்பிளையள்தான். ஒண்டே ஒண்டு தப்பினாலும் போதும், தனிய முட்டை இடும். இண்டைக்குப் பாத்தா அந்தப் பக்கத்து மண் முழுக்க அதுதான்."

"குளிரிலை விறைச்சுச் சாகாதோ?"

"விறைக்கிறதுக்கு உடம்பிலை தண்ணி இருக்கவேணுமே. குளிர் மெல்ல மெல்லக் கூடினால் அந்தப் பூச்சியின்ரை புழு உடம்பிலை இருக்கிற தண்ணியை வெளியாலை விட்டிடும். தன்னைத் தானே காய வைச்சுக்கொண்டு படுத்திருக்கும். வெயில் வந்தாப் பிறகு தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பும்."

"அப்ப அது உயிரோடை இருக்கிற கருவாடு" என்றார் பொனிபஸ். ஜெனோஜா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் பேசும்போது அந்தக் கருவாட்டை ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கினாளாம். அந்தக் கதையைப் பொனிபஸ் வேலையிடத்தில் ஏழு பேருக்குச் சொன்னார்.

போன மார்கழியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்தார்ட்டிக்காவில் ஒரு நிலையத்தில், மாரி முழுக்க, இருபத்துமூன்று பேரோடு. தை மாதம் கப்பல். மாசி கடைசியில் திரும்புகிற கப்பல்தான் கடைசி, அதற்குப் பிறகு கார்த்திகை வரைக்கும் யாரும் போகவும் இல்லை, வரவும் இல்லை. பேர்ள் அழுதாள், பிறகு சனத்துக்கெல்லாம் போன் எடுத்துப் பெருமை பேசினாள். பொனிபசுக்கு இரண்டும் வரவில்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் கப்பல் என்ற ஒரு சொல்தான்.

அவள் பை ட்ருகனினாவுக்கு வந்தது. "உங்க பொண்ணு பையை நீங்களே பாருங்க அண்ணே, உங்களவிட யாரு நல்லாப் பாக்கப்போறா" என்று வாசுதேவன் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பொனிபஸ் ஒன்றரை நாள் பார்த்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு துப்புரவாக ஒரு பையைப் பார்த்ததில்லை. ஜாக்கெட்டின் ஒவ்வொரு தையலையும் நகத்தால் வருடிப் பார்த்தார். எல்லாம் முடிந்து முத்திரையைக் கையில் எடுத்தபோது, காலையில் சாடியிலிருந்து கிள்ளி எடுத்துத் துணியில் முடிந்து காற்சட்டைப் பொக்கெட்டில் கொண்டுவந்திருந்ததை எடுத்தார். ஜாக்கெட்டின் உட்பொக்கெட்டின் அடித்தையலைப் பிரித்து உள்ளே வைத்து, மீன்வலை பொத்திப் பழகிய கையால் நாலே நாலு இழையில் தைத்து மூடினார்.

தெரியாமல் செய்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. மண்ணைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று அந்த ஊரிலேயே அவரைவிடத் தெரிந்தவர் இல்லை, கருவாட்டுக் கதை வேறு வீட்டிலேயே கேட்டிருக்கிறார். கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுவது என்று சொல்வார்களே, அது இதுதான். ஒரு சிட்டிகை, அதுவும் மாதாவின் மண், அதற்குள் என்ன இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த முறை ஆணியில் கொழுவிவிட்டுப் போக விடமாட்டேன் என்பதுதான் உள்ளே ஓடியது.

கப்பல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. பொனிபஸ் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார். கிழமைக்கு இரண்டு தரம் ஜெனோஜா வீடியோ அழைப்பில் வந்து பென்குயின் காட்டினாள், பனிமலை காட்டினாள், அங்கே மரக்கறி வளர்க்கிற கொட்டிலைக் காட்டினாள். மண் இல்லாமல், தண்ணீரிலும் விளக்கொளியிலும் கீரையும் தக்காளியும் வளர்கிற சின்ன வெப்ப அறை அது. எட்டு மாதத்துக்கு அந்த இருபத்துநாலு பேருக்கும் பச்சை என்று இருப்பது அது ஒன்றுதான். சூடாக இருக்கிறதென்று அவள் தன் வேலையையும் அங்கேயே ஒரு மூலையில் வைத்துச் செய்தாள். பின்னால் கொளுக்கியில் அவளுடைய ஜாக்கெட் தொங்கியது. பொனிபஸ் அதைக் கண்டு மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார்.

சித்திரை நடுவில் ஒரு புதன்கிழமை பின்னேரம், வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. ஜெனோஜா பென்குயின் காட்டவில்லை.

"அப்பா, கொட்டிலிலை பூச்சி வந்திட்டுது."

"என்ன பூச்சி?"

"சாடியளிலை பறக்குமே சின்னக் கறுத்தப் பூச்சி, அதுதான். நூற்றுக்கணக்கிலை. கீரை எல்லாத்தையும் புடுங்கி எரிச்சுப்போட்டம். இஞ்ச பூச்சி படிச்சவள் நான் ஒராள்தான். எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்." பிறகு கேட்டாள். "அப்பா, என்ரை பையைத் துப்புரவாக்கினது நீங்கள்தானே. அதுக்குள்ளை நீங்கள் ஏதும் வைச்சனீங்களோ?"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வாய் திறந்தது, ஆனால் வந்தது வேறு. "நானோ? ஒண்டுமில்லைப் பிள்ளை. நான் வடிவாப் பாத்துத்தான் முத்திரை வைச்சனான்."

"சரி அப்பா" என்றாள். முகம் திரையில் அப்படியே நின்றது. இணைப்பு நின்றுவிட்டதோ என்று பொனிபஸ் நினைத்தார். நிற்கவில்லை, அவள்தான் அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழைப்பை வெட்டிவிட்டாள்.

அன்று பேர்ளுக்கு எல்லாம் சொன்னார். அவள் எழுந்து குசினிக்குப் போனாள். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கறிவேப்பிலைச் சாடிக்குள் ஊற்றினாள், பிறகு இன்னொரு கேத்தல். அடுத்த நாள் சாடியையும் செடியையும் குப்பைத் தொட்டியில் போட்டாள். குப்பை லொறி வந்து எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வாய் திறந்தாள். "பிள்ளையிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. சாமியாரிட்டைச் சொன்னாலும் காணாது, அவளிட்டைச் சொல்லவேணும்."

சொல்ல அவருக்குப் பதினொரு நாள் எடுத்தது. சித்திரைக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்து காற்சட்டைகூட மாற்றாமல் அழைத்தார். ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். சாடி, துணி, உட்பொக்கெட், நாலு இழை. அனோஜின் பெயரையும் சொன்னார்.

ஜெனோஜா அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவரை உலுப்பியது.

"தெரியும் அப்பா. கப்பலிலையே கண்டனான். மூண்டாம் நாள் பொக்கெட்டுக்குள்ளை கை விட்டா உங்கடை தையல்."

"கண்டனியோ? அப்ப ஏன் கடலுக்குள்ளை எறியேல்லை?"

"எறிவம் எண்டுதான் மேல்தட்டுக்குப் போனனான். கடலைப் பாத்தன். சித்தப்பாவை நினைச்சன். அவர் கழுத்திலை போடேல்லை எண்டு நீங்கள் இத்தினை வருசமா அழுறது எனக்குத் தெரியாதோ? என்னாலை ஏலாமப் போச்சுது." அவள் குரல் உயரவில்லை. "மண்ணுக்குள்ளை என்ன இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. எனக்குத்தான் எல்லாரையும் விட நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டு வைச்சிருந்தனான். அந்தச் சூட்டுக்குள்ளை தொங்கவும் விட்டனான்."

"அப்ப நீ அண்டைக்கு என்னட்டைக் கேட்டது?"

"நீங்கள் ஓம் எண்டு சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான். நீங்கள் வைச்சது, நான் எறியாமல் விட்டது எண்டு ரெண்டு பேருமா எழுதியிருக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த நாளே நான் நிலையத்துப் பெரியவரிட்டை எழுதிக் குடுத்திட்டன். மண் என்ரை, நான்தான் தைச்சுக் கொண்டுவந்தனான் எண்டு."

அழைப்பு முடிந்த பிறகும் பொனிபஸ் போனைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாசுதேவனின் அறைக்குப் போனார். நின்றபடியே, நான்தான் வைத்தேன், மகள் பொய் எழுதியிருக்கிறாள் என்றார். வாசுதேவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு அவருடைய தோளில் கை வைத்தார். நல்ல மனிதர், அதுதான் கொடுமை.

"அண்ணே, எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நானும் இதத்தான் சொல்லியிருப்பேன். எந்த அப்பா சொல்லமாட்டாரு?"

"இல்லை தம்பி, உண்மையாத்தான் சொல்லுறன். வீட்டுச் சாடி மண்."

"சரி, அந்தச் சாடி எங்க? கொண்டு வாங்க, மேல அனுப்புவோம்."

சாடி எப்போதோ குப்பை லொறியோடு போய்விட்டது. ஆனாலும் பொனிபஸ் எழுதிக் கொடுத்தார். மேலிடத்திலிருந்து மூன்று நாளில் பதில் வந்தது. பதினொரு வருடத்தில் ஒரு பிழையும் இல்லாத ஊழியர், பயணியே தன் கையால் எழுதி ஒத்துக்கொண்டிருக்கிறார், தகப்பனின் கடிதத்தைக் கருணையோடு புரிந்துகொள்கிறோம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணே" என்று வாசுதேவன் சந்தோசமாகச் சொன்னார். வாழ்க்கையில் ஒருமுறை பொய் முத்திரை வைத்தார், உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னார், இரக்கப்பட்டார்கள். அன்றைக்கு அவருடைய மேசைக்கு ஆறு பை வந்தது. ஆறுக்கும் முத்திரை வைத்தார்.

ஜெனோஜாவுக்கு என்ன ஆகும் என்பது இனிக் குளிரின் கையில் இருந்தது. நிலையத்தில் முடிவெடுத்திருந்தார்கள். கொட்டிலின் சூட்டை நிறுத்தி ஆறு கிழமை, ஒன்றரை மாதம், விறைக்க விடுவது. பிறகு திரும்பச் சூடாக்கி, மஞ்சள் பசைத்தாள் தொங்கவிட்டுப் பத்து நாள் பார்ப்பது. தாளில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் பூச்சி ஒழிந்தது, நடந்தது ஒரு கவனக்குறைவு, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு கோப்பை மூடிவிடுவார்கள். அவளுடைய ஆராய்ச்சி தொடரும். ஒட்டியது என்றால் அந்தத் தேசத்துக்குப் புதிதாய் ஒரு பூச்சியைக் குடியேற்றியவள் அவள். அவளுடைய அனுமதி ரத்தாகும், மூன்று வருட வேலையும் போகும், பனிநாட்டுப் பக்கம் அவளை இனி ஒருவரும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள்.

"சூட்டை ஒரேயடியா நிப்பாட்டச் சொன்னனான்" என்றாள் வைகாசியில் ஒருநாள். "டக்கெண்டு விறைச்சால்தான் சாகும். பைப் வெடிச்சிடும் எண்டு நாளுக்கு ரெண்டு டிகிரியாக் குறைக்கினம். அப்பிடிக் குறைச்சால் அதுகளுக்கு ஆயத்தப்பட நேரம் கிடைக்கும். நான் சொன்னா இப்ப ஆர் கேக்கினம்?"

அதற்குப் பிறகு அவள் அழைக்கவில்லை. பேர்ள் அனுப்புகிற குறுஞ்செய்திகளுக்கு "fine" என்று ஒற்றைச் சொல் வரும்.

பொனிபஸ் குளிருக்காக மன்றாடத் தொடங்கினார். மன்னார் வெயிலில் பிறந்தவர், மெல்பேர்ன் மாரிக்கே காலில் இரண்டு சோடி மேசோடு கட்டிலில் ஏறுகிறவர், காலையில் கண் விழித்ததும் போனில் அந்த நிலையத்தின் வெப்பநிலையைப் பார்த்தார். மைனஸ் பதினெட்டு என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மைனஸ் இருபத்தாறு என்றால் பேர்ளைக் கூப்பிட்டுக் காட்டுவார். கடல் அவளை விழுங்கிவிடக் கூடாதென்று மண் வைத்தவர், இப்போது அவள் நிற்கிற இடத்தில் காற்று இன்னும் பிசாசாக அடிக்கட்டும் என்று செபமாலை உருட்டினார். பேர்ளும் முழந்தாளில் நின்றாள். மாதாவிடம் இப்படி ஒரு மன்றாட்டை யார்தான் வைத்திருப்பார்கள்? மைனஸ் முப்பத்தொன்றுக்கு இறங்கிய நாள் இருவரும் கோழி வாங்கிச் சமைத்தார்கள்.

வேலையில் அவர் மோசமான துப்புரவுக்காரராக மாறினார். ஒரு பைக்கு மூன்று நாள் எடுத்தார். வெறும் பொக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தவரை வாசுதேவன் இரண்டு முறை தேத்தண்ணிக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதரை ஏறெடுத்துப் பார்க்க முடியாமல் பொனிபஸ் கோப்பையைப் பார்த்துக்கொண்டு குடித்தார்.

ஆனி கடைசியில் ஆறு கிழமை முடிந்தது. கொட்டிலைச் சூடாக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று குறுஞ்செய்தி வந்தது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் வந்த செய்தி இரண்டு சொல்லாக நீண்டிருந்தது, "still nothing." பேர்ள் அதை வாசித்துவிட்டு மகளுக்குப் பிடித்த பயித்தம் பணியாரத்துக்கு மா வறுக்கிறேன் என்று நின்றாள். கார்த்திகையில் வருகிறவளுக்கு ஆடியில் ஏன் மா வறுக்கிறாய் என்று பொனிபஸ் கேட்கவில்லை. எட்டாம் நாள் சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, அவர் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. செய்தி இல்லை, அழைப்பு. ஏழு கிழமைக்குப் பிறகு அவளுடைய முகம்.

"அப்பா, மூண்டு நிக்குது."

அவருக்கு உடனே விளங்கவில்லை. அல்லது விளங்கிக்கொள்ள விருப்பமில்லை.

"தாளிலை மூண்டு, அப்பா. நிலத்துக்குக் கீழை தண்ணி போற குழாய் வளைவுக்குள்ளை, அழுக்குக்குள்ளை இருந்திருக்கு. நான் இறங்கி அளந்து பாத்தன். அந்த இடம் மைனஸ் பதினொண்டு வரைக்கும் போயிருக்கு. ஆறு கிழமை! இந்தச் சாதி அப்பிடித் தாங்கும் எண்டு ஒருத்தரும் இன்னும் எழுதேல்லை அப்பா, ஒரு இடத்திலையும் இல்லை. புழுவை எடுத்து மைக்ரோஸ்கோப்புக்குக் கீழை வைச்சன். சுருங்கிப்போய்க் கிடந்தது, ஒரு துளி தண்ணி விட்டன், கொஞ்ச நேரத்திலை நெளியுது. நான் மூண்டு வருசமாத் தேடினது இதைத்தான், என்ரை கண்ணுக்கு முன்னாலை..."

கண்கள் விரிந்திருந்தன. பதினைந்து வயதில் விமானநிலையத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு அப்படி ஒரு முகம் இருந்தது. ஒரு கணம் பொனிபசும் அந்தச் சந்தோசத்துக்குள் போய்விட்டார். "நல்லாய் எழுது பிள்ளை" என்று சொல்லியும்விட்டார்.

ஜெனோஜாவின் முகம் மெல்ல இறங்கியது.

"நான் எழுத ஏலாது அப்பா. இண்டைக்குக் காலமை என்ரை அனுமதியை நிப்பாட்டிப்போட்டினம். சாம்பிள் எல்லாத்தையும் வாங்கிப் பூட்டியாச்சு."

"அப்ப ஆர் எழுதுறது?"

"ஆரும் எழுதுவினம். கப்பல் வந்தாப் பிறகு வேறை ஆக்களை அனுப்புவினம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதிலை என்ரை பேரும் வரும்தான் அப்பா. ஆர் கொண்டுவந்தது எண்டு எழுதவேணுமே."